அடுப்பில்லாத தீவு

நெஸ்தா சித்தி முதல் கல்லைப் போட்ட காலையில் காயலில் காற்றே இல்லை. வானம் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாத ஒரு வெண்மை. அதற்குள் அவளும் அவள் மகள் ஜெமைமாவும் தோணியில் போவதை எங்கள் வீட்டு ஏணிப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லின் பாரத்தில் தோணி விளிம்புவரை அமிழ்ந்திருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் தோணியே தெரியவில்லை. இரண்டு பேர் தண்ணீர்மேல் உட்கார்ந்தபடி மெல்ல நகர்வது போலிருந்தது.

மணல் திட்டுக்கு மேலே வந்ததும் இருவரும் இறங்கினார்கள். இடுப்பளவுத் தண்ணீர். கல்லை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கினார்கள். தண்ணீர் மூடிக்கொண்டது. சித்தி சற்று நேரம் குனிந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அடுத்த கல்லுக்குத் திரும்பினார்கள்.

எங்கள் காயலில் தீவு கட்டுவது ஒன்றும் அதிசயமில்லை. எங்கள் ஃபோராமா தீவும் யாரோ கல் போட்டு எழுப்பியதுதான். அண்ணன் தம்பிக்குள் சண்டை வந்தால் ஒரு தீவு. கரையில் கொசு தாங்கவில்லை என்றால் ஒரு தீவு. மாமியாரோடு ஒத்துவரவில்லை என்றாலும் ஒரு தீவு. அதனால் சந்தைக்குப் போகிற தோணிகளிலிருந்து பெண்கள் சித்தியைப் பார்த்துக் கேட்டார்கள்.

"என்ன நெஸ்தா, புருஷன் செல்வின் ஊர்ல இல்லாதப்பவே தனிக்குடித்தனத்துக்கு எடம் பாக்குற? மேற்க மீன் ஆலையில இருக்கற மனுஷன் உனக்கு என்னடி பண்ணான்?"

"அவரு வந்தா தனியா உக்காந்து பாக்கு மெல்ல ஒரு எடம் வேணும்ல அக்கா. வீட்டுல துப்பி வைக்கிறாரு," என்பாள் சித்தி. சிரித்துக்கொண்டே போய்விடுவார்கள். உண்மையான காரணத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை, என்னைத் தவிர.

காரணம் ஜெமைமா.

பள்ளிக்கூடம் கரையில் இருக்கிறது. ஆற்றின் முகத்துவாரத்தைத் தாண்டிப் போக வேண்டும். மழைக்காலத்தில் ஆறு பழுப்பாகப் பொங்கி வந்து தோணியைப் பக்கவாட்டில் தள்ளும். அலையாத்திக் காட்டுக்குள் முதலையும் உண்டு. பெரியவர்கள் விடியுமுன்பே மீனுக்குப் போய்விடுவார்கள். அதனால் ஒரு பிள்ளை தனியாகத் துடுப்புப் போட்டு அந்த நீரோட்டத்தைச் சமாளிக்கும் வரை எந்தத் தாயும் அதைப் பள்ளிக்கு அனுப்பமாட்டாள். பத்து, பதினொரு வயதில்தான் எங்கள் பிள்ளைகள் முதல் வகுப்புக்குப் போவார்கள். கரையில் இருக்கிற ஆறு வயதுப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில்.

ஜெமைமா அப்படித்தான் போனாள். அவள் வயதுக்கு உயரம் அதிகம். முழங்கால் மேசையில் இடித்தது. பக்கத்தில் உட்கார்ந்த பொடியன்கள் அவளை "அத்தை" என்று கூப்பிட்டார்கள். "அத்தை, வீட்டுக்காரரு நல்லா இருக்காரா? சாப்பாடு ஆச்சா அத்தை?" ஒரு வாரம் பொறுத்தாள். அதன் பிறகு போகவில்லை. சித்தி அவளைத் திட்டவில்லை. சித்தியும் அந்தப் பள்ளிக்கூடத்தின் வாசலை மிதித்தது ஆசிரியர்களுக்கு மீன் கொண்டுபோய்க் கொடுக்கத்தான்.

ஒரு நாள் நானும் அவளும் கூரைக்கு ஓலை தைத்துக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

"டோர்காஸ், சின்னப் புள்ளைங்களால ஆத்த தாண்ட முடியாது. ஆனா இந்த மணல் திட்டு வரைக்கும் வரும்ல? தண்ணி அசையாது. கவுந்தாகூட நின்னா நெஞ்சளவுதான். பள்ளிக்கூடத்த இங்க வெச்சுட்டா?"

"நம்ம தீவுலயே வெக்கலாமே சித்தி."

"நம்ம தீவுல வெச்சா பக்கத்துத் தீவுக்காரன் அனுப்புவானா? அவன் தீவுல வெச்சா நம்ம ஆளுங்க அனுப்புவாங்களா? யாரு எடத்துலயும் இருக்கக் கூடாது. நடுவுல இருக்கணும்."

கற்கள் தண்ணீருக்கு அடியில் ஒரு பாய் அளவுக்குப் பரவியபோது பிலிமோன் மாமா வந்துவிட்டார். அந்தப் பவளப்பாறையும் மணல் திட்டும் தலைமுறையாக அவர் குடும்பத்துடையவை. அங்கே வலை போட வேண்டும் என்றாலும் அவரிடம்தான் கேட்க வேண்டும். சித்தி கேட்கவில்லை. கேட்டால் மறுத்துவிடுவார் என்று முதலில் கொஞ்சம் கல்லைப் போட்டுப் பார்த்தாள். அவர் தோணியில் உட்கார்ந்தபடி, துடுப்பால் அந்தக் கற்களைத் தட்டிப் பார்த்தார்.

"இது என்ன, மீனுக்கு வீடா?"

"புள்ளைங்களுக்கு மாமா. படிக்க ஒரு எடம்."

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் எதாச்சும் சொல்லுவாங்க. தீவுன்னு ஒண்ணு எழும்புனா அதுல ஒருத்தன் உக்காருவான். அடுப்பு மூட்டுவான். அவன் பேரன் வந்து, எங்க தாத்தா அடுப்பு எரிஞ்ச எடம், சுத்தியிருக்கற கடலும் எங்களுதும்பான். நான் எத்தன பாத்துட்டேன்."

அவர் சொன்னது பொய்யில்லை. அடுப்பு எரிந்த இடம் எரித்தவனுக்குச் சொந்தம் என்பது எங்கள் வழக்கம். சித்தி தண்ணீரில் நின்றபடியே யோசித்தாள். நனைந்த கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப அடுப்பே மூட்ட மாட்டோம் மாமா. ஒரு நாளும் மூட்ட மாட்டோம். யாரும் படுக்க மாட்டாங்க. காலையில வருவாங்க, வெயில் சாயறதுக்குள்ள போயிருவாங்க. இங்க நெருப்பு எரிஞ்சுதுன்னு ஒருத்தர் சொன்னா, நீங்க வந்து எல்லாக் கல்லையும் எடுத்துட்டுப் போங்க."

"அடுப்பில்லாத தீவா?" என்று சிரித்தார் அவர். "அப்படி ஒண்ண நான் கேள்விப்பட்டதே இல்ல." சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. துடுப்பைப் போட்டுப் போய்விட்டார். சித்தி அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டாள்.

அதன் பிறகு மழைக்காலம் வந்து போனது, மறுபடியும் வந்தது. அம்மாவும் மகளும் பேசாமல் வேலை செய்வார்கள். ஜெமைமாவால் வெகுநேரம் மூச்சடக்க முடியும். ஆழத்தில் உதிர்ந்து கிடக்கும் செத்த பவளக்கல்லைத் தேடி எடுப்பாள். மேலே வந்து ஒரு முறை மூச்சை இழுத்துவிட்டுத் திரும்ப இறங்குவாள். பெரிய கல் வெளி வரிசைக்கு, சிறியது நடுவுக்கு, சந்துகளை அடைக்கக் குச்சிப் பவளம். சித்தி மெல்லப் பெண்களிடம் விஷயத்தைச் சொன்னாள். சந்தைக்குப் போய்த் திரும்பும் தோணிகள் சுற்றிக்கொண்டு அந்த வழியாக வர ஆரம்பித்தன. கிழங்குக் கூடைக்கு அடியில் ஒரு கல் இருக்கும். போட்டுவிட்டுப் போவார்கள். சிலர் அதற்குப் பிள்ளையின் பெயரைச் சொல்லிப் போட்டார்கள்.

ஒரு கட்டத்தில் அந்தத் தீவு கடல் வடிந்தால் பிறக்கும், ஏறினால் மறையும். கடல் ஏறிய நேரத்தில் அங்கே ஒன்றுமே இருக்காது. வெயிலில் மினுங்கும் தண்ணீர் மட்டும். பிறகு மெல்ல ஒரு கருத்த விளிம்பு எழும்பும். அதன்மேல் வெள்ளைப் பறவை ஒன்று வந்து ஒற்றைக்காலில் நிற்கும். முதல் மாணவன் வந்துவிட்டான் என்று நான் சொன்னதற்குச் சித்தி, "அவன் காலையிலயே வந்துட்டான். நீதான் இன்னும் வரல," என்றாள். பாடம் சொல்லிக் கொடுக்க என்னைத்தான் நினைத்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"நானா? நான் ஃபெயில் ஆனவ சித்தி. அதனாலதான படிப்ப விட்டுட்டு ஊருக்கே திரும்பி வந்தேன்."

"எதுல ஃபெயில் ஆன? எழுத்துலயா?"

"கணக்குல. அது பெரிய கணக்கு."

"இங்க சின்னக் கணக்குதான்," என்று சொல்லிவிட்டுக் கல் எடுக்கப் போய்விட்டாள்.

கிறிஸ்துமஸுக்குச் செல்வின் சித்தப்பா வந்தபோது தீவு கடல் ஏறினாலும் மறையாத அளவுக்கு எழுந்துவிட்டது. அவர் தோணியிலிருந்து இறங்காமலேயே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் போறப்ப இங்க கடல் இருந்துச்சு," என்றார்.

"இப்பவும் இருக்கு. சுத்தி இருக்கு பாருங்க," என்றாள் சித்தி.

அவர் அந்த விடுமுறை முழுதும் தூண் நட்டார். கரையிலிருந்து மரம் வெட்டி மிதக்கவிட்டு இழுத்து வந்தார். சுவர் வைக்கவில்லை. ஓலைக்கூரை, நான்கு பக்கமும் காற்று. மேலே கொட்டிப் பரப்பிய மணலைத் தரையாக்கினோம். கரைப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர் மூலையில் கிடந்த ஒரு கரும்பலகையைக் கொடுத்தார். அதில் ஒரு பக்கம் உடைந்திருந்தது. கடலுக்கு முதுகு காட்டிப் பிள்ளைகள் உட்கார்ந்தால் கவனம் சிதறாது என்று நினைத்தேன். ஆனால் அந்தத் தீவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல்தான். ஆகவே பலகையை ஒரு தூணில் கட்டினேன். அதற்குப் பின்னாலும் கடல். எழுத்துகள் தண்ணீர்மேல் எழுதியது போலத்தான் தெரிந்தன.

பள்ளி தொடங்கிய நாள் காலையில் சித்தி ஜெமைமாவுக்குப் புதுப்பாவாடை ஒன்றைக் கொண்டுவந்தாள். அடர்நீலம். ஜெமைமா அதைத் தொடவில்லை. நான் அவர்கள் வீட்டுக்குச் சுண்ணக்கட்டி எடுக்கப் போயிருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது.

"கட்டிக்க. இன்னிக்கு மொத நாளு."

"நான் வரல."

"யாரும் உன்ன அத்தைன்னு கூப்பிட மாட்டாங்க. டோர்காஸ்தான் சொல்லிக் குடுக்கறா. எல்லாம் நம்ம புள்ளைங்க."

"வரலம்மா."

"உனக்காகத்தானடி இவ்வளவும் பண்ணேன்."

"எனக்காகன்னு நான் கேட்டேனா?"

"கூடவே வந்து கல்லு போட்டியே."

"கல்லு போடப் பிடிச்சுது. போட்டேன். உக்காந்து படிக்கப் பிடிக்கல."

சித்தி பாவாடையை மடித்து வைத்தாள். தோணியில் ஏறி முன்பக்கம் உட்கார்ந்துகொண்டாள். துடுப்பு நான்தான் போட்டேன். திட்டு வரும் வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே போய்ச் சேர்ந்தபோது பல தீவுகளிலிருந்தும் குட்டித் தோணிகள் வந்துகொண்டிருந்தன. நான்கு வயது, ஐந்து வயதுப் பிள்ளைகள், துடுப்புக்குப் பதில் கையாலும் கழியாலும் தள்ளிக்கொண்டு. ஒருவன் பெரிய சட்டியில் உட்கார்ந்து வந்தான். சித்தி தண்ணீரில் குதித்து ஒவ்வொருவராகத் தூக்கி மேலே விட்டாள். கடைசிப் பிள்ளையைத் தூக்கியபின்தான் முகத்தைக் கழுவிக்கொண்டாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அன்றிலிருந்து நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொல்ல என்னால் முடியாது. நாட்கள் ஒன்றோடொன்று கரைந்துவிட்டன. காலையில் வெளிச்சம் தண்ணீரில் பட்டுக் கூரையின் அடியில் அலை அலையாக ஆடும். பிள்ளைகள் அண்ணாந்து அதைப் பார்த்துக்கொண்டே எழுத்துகளைச் சொல்வார்கள். ஒரு எழுத்துக்கு வால் எப்படி வளைகிறது என்று கேட்டால், அந்த நேரம் பார்த்துத் திருக்கை ஒன்று திட்டின் ஓரமாக நழுவும். "அப்படித்தான் அக்கா," என்று கை காட்டுவார்கள். வீட்டிலிருந்து கொண்டுவந்த ஆறிப்போன சேம்பும் சுட்ட மீனும்தான் மதியச் சாப்பாடு. நெருப்பில்லை, புகையில்லை. வாக்குக் கொடுத்ததை நாங்கள் மறக்கவில்லை. சித்தி பிள்ளைகளிடமே சொல்லி வைத்திருந்தாள்: இங்கே கரிக்கட்டைகூடக் கொண்டுவரக் கூடாது.

அந்த வருஷம் வடமேற்குக் காற்று முன்னதாகவே வந்துவிட்டது. முற்பகலில் வானம் ஒரு பக்கமாக இருண்டது. தோணிகளை அவிழ்ப்பதற்குள் மழை எங்கள் மேல் சரிந்துவிட்டது. காற்று கூரையின் ஒரு பக்கத்தைப் பிய்த்தது. கட்டியிருந்த தோணிகளில் பாதி அடித்துக்கொண்டு போயின. பிள்ளைகளை நடுவில் நெருக்கி உட்கார வைத்து நானும் சித்தியும் பாயால் சுற்றி நின்றோம். நேரம் ஆக ஆகக் குளிர் ஏறியது. எல்லோரிலும் சிறியவள் ஒருத்தி நடுங்குவதையே நிறுத்திவிட்டாள். உதடு வெளுத்திருந்தது.

சந்தையில் வீட்டுக்காக வாங்கிய தீப்பெட்டி ஒன்று என் பையிலேயே கிடந்தது. சித்தியிடம் காட்டினேன். அவள் அந்தக் குழந்தையைப் பார்த்தாள், பிலிமோன் மாமாவின் தீவு இருக்கும் திசையைப் பார்த்தாள். மழைக்குள் அது மங்கலாகத்தான் தெரிந்தது.

"மூட்டு," என்றாள். "புள்ளையவிட வாக்கு பெரிசில்ல. கல்ல எடுத்துட்டுப் போனா போகட்டும்."

கூரைக்குள்ளிருந்து காய்ந்த ஓலையை உருவினேன். குச்சியை உரசினேன். எல்லாம் நனைந்து ஊறிப்போயிருந்தன. ஒவ்வொன்றாக முறிந்தன.

அப்போது மழைக்குள்ளிருந்து ஒரு தோணி வந்தது. பிலிமோன் மாமா. மடியில் ஒரு தகரப்பெட்டி, அதன்மேல் வாழை இலை, அதன்மேல் அவர் உடம்பு. குனிந்தபடியே துடுப்புப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். பெட்டிக்குள் தேங்காய் மட்டைக் கங்கு சிவந்து கிடந்தது.

"பொகை வரும், வரும்னு வீட்டுலேருந்து பாத்துக்கிட்டே இருந்தேன்," என்று அதட்டினார். "வரல. இந்தப் பைத்தியக்காரி வாக்கு வாக்குன்னு புள்ளைங்கள வெறைக்க விட்டுட்டாளேன்னு ஓடி வர்றேன்."

"மூட்டத்தான் பாத்தோம் மாமா," என்றாள் சித்தி. "குச்சி நனைஞ்சிருச்சு."

அவர் ஒரு கணம் அவளையே பார்த்தார். பிறகு அந்த மழையிலும் வாய்விட்டுச் சிரித்தார். பாக்குக் கறை படிந்த பல்லெல்லாம் தெரிந்தது. மண்டியிட்டு, நடு மணலில் மூன்று கல்லைக் கூட்டி, ஓலையைப் போட்டு, கங்கைக் கொட்டி ஊதினார். எங்களைக் கைவைக்க விடவில்லை. தீ பிடித்ததும் அந்தச் சின்னவளைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். அவள் கொஞ்ச நேரத்தில் மறுபடி நடுங்க ஆரம்பித்தாள். அதைப் பார்த்தபின்தான் எனக்கு மூச்சு வந்தது.

காற்று தணிந்ததும் தாய்மார்கள் தோணிகளில் வந்து சேர்ந்தார்கள். அந்தத் தீவில் புகை எழுவதைக் காயல் முழுதும் பார்த்திருந்தது. ஆனால் நெருப்பு எரிந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் கல்வி அதிகாரி ஒருவர் மோட்டார் படகில் வந்தார். நல்ல மனிதர். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். பிள்ளைகள் படிப்பதைக் கேட்டார், தலையை ஆட்டிக்கொண்டார். ஆனாலும் அவருக்கு ஒரு சங்கடம்.

"பள்ளின்னு பதியணும்னா நிலம் யாருதுன்னு சொல்லணும்மா. வரைபடத்துல இங்க வெறும் கடல்தான் இருக்கு. இது யாரோட எடம்?"

சித்தி என்னைப் பார்த்தாள். யாருடையதாகவும் இருக்கக் கூடாது என்பதற்காகவே கட்டிய இடம். நாங்கள் வாய் திறப்பதற்குள் பின்னால் நின்ற பிலிமோன் மாமா முன்னால் வந்தார்.

"என்னுது," என்றார். "அந்தா பாருங்க சாம்பல். அது என் அடுப்பு. அடுப்பு எரிஞ்ச எடம் எரிச்சவனுக்கு. காயல்ல யார வேணா கேளுங்க." சித்தியின் முகம் இறுகிவிட்டது. அவர் அதைக் கவனிக்காதது போல மேலே சொன்னார்: "எனக்கு இது வேணாம். இதுல வந்து படிக்கற புள்ளைங்களுக்குக் குடுத்துட்டேன். அதையும் எழுதிக்கங்க."

அதிகாரி எழுதிக்கொண்டார். அன்று முதல் எங்கள் திட்டு கரைப் பள்ளிக்கூடத்தின் கிளை. இரண்டு வகுப்புகள் இங்கே. அதற்குள் பிள்ளைகளுக்குத் துடுப்பு வசப்பட்டுவிடும். பெரிய பிள்ளைகளோடு கூட்டமாக ஆற்றைத் தாண்டிப் போய் நேராக மூன்றாம் வகுப்பில் உட்காருவார்கள், தங்கள் வயதுக்காரர்களோடு. மேசையில் யாருக்கும் முழங்கால் இடிக்காது.

ஜெமைமா வரவே இல்லை. சிப்பி எடுப்பதும் மீன் குத்துவதும்தான் அவள் வேலை. இப்போது அவள் நன்றாக வளர்ந்த பெண். காயலில் அவளைவிட ஆழம் போகிறவர்கள் இல்லை. சித்தி ஒரு முறைகூட அவளை மறுபடி கூப்பிடவில்லை. திட்டைச் சுற்றியுள்ள பாறையில்தான் சிப்பி அதிகம் என்பதால் ஜெமைமா பெரும்பாலும் எங்கள் அருகிலேயே முழுகிக்கொண்டிருப்பாள். பிள்ளைகள் சேர்ந்து சொல்வது தண்ணீரில் வெகுதூரம் கேட்கும். அவள் மூச்செடுக்க மேலே வரும்போது பலகை கண்ணில் படும், ஒரு எழுத்து காதில் விழும். இறங்கிவிடுவாள். மறுபடி வரும்போது இன்னொன்று. நடுவில் உள்ளதையெல்லாம் கடல் எடுத்துக்கொள்ளும்.

போன மாதம் ஒரு காலை. கூரைக்குள் வெளிச்சம் ஆடிக்கொண்டிருந்தது. பலகையில் ஒரு சொல் எழுதி, புதிதாக வந்த சிறுமி ஒருத்தியை வாசிக்கச் சொன்னேன். எங்கள் பேச்சில் கடலுக்கு உள்ள சொல்தான் அது. அவள் பார்த்தாள், உதட்டைக் கடித்தாள், விரலால் மணலைக் கிளறினாள். மற்றவர்கள் சொல்லிக் கொடுக்கக் கூடாது என்று நான் கையை உயர்த்தியிருந்தேன்.

"அசி," என்றது ஒரு குரல்.

பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னாலிருந்து, தண்ணீரிலிருந்து வந்தது. நிமிர்ந்து பார்ப்பதற்குள் ஒரு ஈரத் தலை உள்ளே போய்விட்டது. வட்டம் வட்டமாக அலை மட்டும் விரிந்தது.

சித்தி திட்டின் ஓரத்தில், சரிந்த கல்லை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். கல்லைக் கையில் பிடித்தபடி அந்த வட்டங்களையே பார்த்தாள். நான் எழுந்து அந்தப் பக்கம் போகப் பார்த்தேன். தலையை அசைத்துத் தடுத்தாள்.

"போகாத. பாத்துட்டோம்னு தெரிஞ்சா வேற பாறைக்குப் போயிருவா." கல்லை அதன் இடத்தில் வைத்து, உள்ளங்கையால் அழுத்தினாள். "நீ பாட்டுக்கு அடுத்ததச் சொல்லு. கொஞ்சம் சத்தமா."

நான் அடுத்த சொல்லை எழுதினேன்.